லீனா வந்த வாரம்

மூன்றாம் பக்கத்தில் அந்த வசனம் இருந்தது. டைப் அடித்த தாளின் கார்பன் பிரதி. எழுத்து பாதி மங்கியிருந்தது. மேக்கப் போடும் அண்ணன் என் நெற்றியில் ஸ்பாஞ்சை ஒற்றிக்கொண்டே, "தலைய ஆட்டாதம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

வசனம் இதுதான்: "ஆம்பூர் பொண்ணா? வேணாம் மாமா. பொண்ணு வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே வாடை வந்துடும்."

பேச வேண்டியவள் நான். அன்றைக்கு ஸ்டுடியோவில் இருந்தவர்களில் ஆம்பூரில் பிறந்தவள் என்று எல்லோருக்கும் தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

இந்தக் குறிப்புகளை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்பதுகளின் நடுவில், "எட்டுப் பேரும் ஒரு பாத்ரூமும்" என்ற குடும்ப நகைச்சுவைத் தொடரில் மூத்த மருமகளாக நடித்தவள் நான். வாரம் ஒரு நாள், சாயங்காலம் அரை மணி நேரம். ஒரு மாமனார், மாமியார், மூன்று பிள்ளைகள், இரண்டு மருமகள்கள், ஒரு நாத்தனார். பெயரிலேயே முக்கால்வாசிக் கதை வந்துவிடும்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி, "பாப் பாடகி லீனா வந்த வாரத்தைப் பற்றி ஏன் எழுதவே மாட்டேன் என்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். எழுதத் தைரியம் இல்லாமல்தான் இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன்.

கைக்குட்டைக் கதை

அந்த வசனம் எப்படிப் பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ஆம்பூரில் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தோல் ஷாப் இருந்தது. தோல் பதனிடும் தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வோம். சுண்ணாம்புக் குழியில் ஊறும் தோலின் வாடை, ஆவாரம்பட்டைத் தண்ணீரின் துவர்ப்பு வாடை, எல்லாம் எங்களுக்குக் காற்று மாதிரி. வெளியூரிலிருந்து யாராவது வந்து மூக்கைப் பிடிக்கும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வரும்.

மெட்ராஸிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு மாமனாராக வரப்போகிறவர் படியேறினதிலிருந்து மூக்கையும் வாயையும் மூடிப் பிடித்த கைக்குட்டையை எடுக்கவில்லை. அம்மா காபி கொடுத்தாள். மரியாதைக்கு வாங்கியவர், பேச்சு சுவாரஸ்யத்தில் கைக்குட்டை இருப்பதையே மறந்து டம்ளரைச் சாய்த்தார். வெள்ளைச் சட்டை முழுக்கக் காபி. பிறகு அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஊருக்குத் திரும்பினார்.

இதை ஒரு நாள் ஸ்டுடியோவில், டீ இடைவேளையில், நடித்தே காட்டினேன். எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். தொடரை எழுதி இயக்கிய நடேசன் சார் மட்டும் சிரித்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

நான் அதைப் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

லீலா

லீனா என்று தமிழ்நாடே சொன்ன பெண்ணை எங்கள் தெருவில் லீலா என்றுதான் கூப்பிட்டோம்.

அவளுடைய அப்பா மாணிக்கம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த அதே தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். நான் அவரைப் பெரியப்பா என்பேன். குழியில் இறங்கி இறங்கி அவர் விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருக்கும். லீலாவுக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் அவள் என் பக்கத்தில் நிற்பாள். என்னைவிட நாலு வயது சின்னவள். அவள் குரல் எழும்பினால் நாங்களெல்லாம் சும்மா வாயசைத்தால் போதும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மெல்லிசைக் குழு வேலூருக்கு வந்தது. அவர்களோடு மெட்ராஸுக்குப் போனாள். ஓட்டலில் பாடினாள். கேசட் வந்தது. முடியைத் தோள்வரைக்கும் வெட்டிக்கொண்டு, பளபளக்கும் பெல்பாட்டத்தில் நிற்கும் படம் டீக்கடைச் சுவரிலெல்லாம் ஒட்டியிருந்தது. பேட்டிகளில், "பெங்களூரில் பிறந்து கான்வென்ட்டில் படித்தவர்" என்று போட்டார்கள். அவளுடைய மேனேஜர் சொல்லிக் கொடுத்தது.

எங்கள் தெருவுக்கு அது தெரியும். ஆனால் ஒருத்தர்கூட வெளியே வாயைத் திறக்கவில்லை. "அதுக்கு இன்னா கஷ்டமோ, வுடு" என்பார்கள். நானும் சொன்னதில்லை. அவள் அப்பாவுக்கு மாதம் ஒரு கடிதம் வரும். அவள் மட்டும் வரவில்லை. அப்படியே எட்டு வருஷம் போய்விட்டது.

பதினொன்றே கால்

அந்த வாரக் கதை இப்படி. கடைசிப் பிள்ளைக்கு ஆம்பூர்ப் பெண் ஒருத்தி இருப்பதாகவும், பக்கத்துத் தெருவுக்கு வந்திருப்பவளை இப்போதே கூட்டிவருவதாகவும் சொல்லிவிட்டுத் தரகர் போவார். நான் அந்த வசனத்தைச் சொல்வேன். உடனே மணி அடிக்கும். வாசலில் லீனா. கார் ரிப்பேராகி, போன் பண்ண வந்திருப்பாள். இவள்தான் ஆம்பூர்ப் பெண் என்று நினைத்து எட்டுப் பேரும் மூக்கைப் பிடித்துக்கொள்வோம்.

அதற்கு அவள் வசனம்: "நான் ஆம்பூர் இல்லீங்க. அந்த வாடையே எனக்கு ஆகாது. நான் லீனா."

உடனே எட்டுப் பேரும் மூக்கிலிருந்து கையை எடுத்து, "ஆகா, என்ன வாசனை, என்ன சென்ட்டு" என்று மோப்பம் பிடிப்போம். பிறகு அவள் ஒரு பாட்டுப் பாடுவாள்.

ஒரு மணிக்கு ஸ்டுடியோவைக் காலி செய்ய வேண்டும். லீனா வந்தபோது பதினொன்றே கால். எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். எனக்கும், "வணக்கம் மேடம்" என்றாள், முன்னே பின்னே பார்க்காதவள் மாதிரி. அவள் கையில் தாளைக் கொடுத்தார்கள். படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மேக்கப் அறை காலியானதும் கதவைச் சாத்திவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"சாந்தாக்கா. இன்னாக்கா இது?"

அந்தக் குரல் லீனாவுடையது இல்லை. லீலாவுடையது.

"கதைதானே லீலா. காமெடிக்கு எழுதியிருக்கார்."

"அவருக்கு ஆம்பூர் எப்படித் தெரியும்?"

"நம்ம ஊர யாருக்குத் தெரியாது?" என்றேன். கண்ணாடியைப் பார்த்தபடிதான் சொன்னேன்.

"அப்பா பாப்பாருக்கா. நான் டிவில வர்றேன்னு போன வாரமே லெட்டர் போட்டுட்டேன். தெருவே பாக்கும். என் வாயால எப்பிடிக்கா அத சொல்றது?"

"நீயே சாரைக் கேட்டுப் பாரேன்."

"நான் கேட்டா ஏன்னு கேப்பாங்க. ஆம்பூரச் சொன்னா பெங்களூர்க்காரிக்கு இன்னாம்பாங்க." அவள் என் கையைப் பிடித்தாள். "நீ ஆம்பூர்னு எல்லாருக்கும் தெரியும். உனக்குக் கோவம் வந்தா ஞாயம். ஊர் பேர மட்டும் எடுத்துடச் சொல்லுக்கா. அது போதும்."

நான் எழுந்து போனேன்.

நடேசன் சார் கேமராக்காரர்களுக்கு நடுவில் நின்றிருந்தார். கெட்டவர் இல்லை. யார் வீட்டில் என்ன கஷ்டம் என்றாலும் முதலில் போய் நிற்பார். நான் சொன்னதைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்க கதைதானேம்மா இது? நீங்களே நடிச்சுக் காட்டினீங்க."

"ஊர் பேர மட்டும் எடுத்துட்டா..."

"பேர எடுத்துட்டா சிரிப்பு எங்க இருக்கு?" என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "ஆமா, மூத்த மருமகளைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பலாமான்னு ஒரு யோசனை இருக்கு. அதப் பத்தி உங்ககிட்ட பேசணும்."

அது மிரட்டலா, சாதாரணமாகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிரசவத்துக்குப் போன பாத்திரம் திரும்பி வராமலே போவதுண்டு. அந்தத் தொடர் வந்த பிறகு ரேஷன் கடையில் எனக்கு இடம் விட்டார்கள். என் மாமியார் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என்னை "எங்க சாந்தா" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அதையெல்லாம் அந்த ஒரு நொடியில் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

திரும்பி வந்தேன்.

"கேட்டேன் லீலா. முடியாதுன்னுட்டார்."

"ரெண்டு தடவை கேட்டியா?"

"கேட்டேன்."

ஒரு தடவைதான் கேட்டிருந்தேன்.

அவள் தலையை ஆட்டினாள். கைப்பையைத் திறந்து சின்னக் கண்ணாடியை எடுத்து உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டாள். கதவைத் திறந்து வெளியே போனபோது மறுபடி லீனாவாகியிருந்தாள்.

மூன்று டேக்

அப்போதெல்லாம் காட்சியை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாக எடுப்பார்கள். நடுவில் ஒருத்தர் தடுமாறினாலும் திரும்ப ஆரம்பத்துக்குப் போக வேண்டும்.

சிவப்பு விளக்கு எரிந்தது. நான் என் வசனத்தைச் சொன்னேன். மணி அடித்தது. லீனா வந்தாள். எட்டுப் பேரும் மூக்கைப் பிடித்தோம்.

"நான் ஆம்பூர்..." என்று நின்றுவிட்டாள்.

"பரவால்லம்மா, மறுபடி போகலாம்" என்றார் நடேசன் சார்.

இரண்டாவது தடவையும் என் வசனத்தைச் சொன்னேன். மூக்கைப் பிடித்தோம். "நான் ஆம்பூர் இல்லீங்க" வரைக்கும் வந்தாள். அதற்கப்புறம் குரல் வரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். ஏசிக் குளிரில் தொண்டை கட்டிக்கொண்டது என்று அவளே சிரித்துக்கொண்டு சமாளித்தாள். மாமனாராக நடித்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டேமுக்கால்.

மூன்றாவது தடவைக்கு முன்னால், கேமரா வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் வாசல் கதவோரம் நின்ற லீலா என்னைப் பார்த்தாள். அந்த வசனத்தை நான் மறுக்க மாட்டேனா என்று பார்க்கிறாள் என எனக்குப் புரிந்தது. வாய் வரைக்கும் வந்தது. "சார், எனக்கு இந்த வசனம் வேணாம்." அவ்வளவுதான். ஐந்து வார்த்தை.

ஃப்ளோர் மேனேஜர் விரல்களை மடக்கினார். ஐந்து, நாலு, மூன்று.

நான் வசனத்தைச் சொன்னேன். முன்னே இரண்டு தடவையைவிட நன்றாகச் சொன்னேன் என்று பிறகு பாராட்டினார்கள்.

மணி அடித்தது. லீனா உள்ளே வந்தாள். கையை இடுப்பில் வைத்து, கழுத்தைச் சாய்த்து, "நான் ஆம்பூர் இல்லீங்க. அந்த வாடையே எனக்கு ஆகாது. நான் லீனா" என்று ஒரு பிசிறு இல்லாமல் சொல்லிவிட்டுச் சிரித்தாள். கேமராவுக்குப் பின்னால் நின்ற லைட்மேன்கூடச் சிரித்துவிட்டார்.

பாட்டு ஒரே டேக்கில் முடிந்தது. அவள் யாரிடமும் விடைபெறாமல் காரில் ஏறிப் போய்விட்டாள்.

சங்கக் கட்டடத்தில்

ஒளிபரப்பான வாரம் நான் மெட்ராஸில் இருந்திருக்க வேண்டியவள். அம்மாவுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். அது முடிந்து அவளை ஆம்பூருக்குக் கூட்டிவந்து கூடவே இருந்தேன். எங்கள் வீட்டில் டிவி இல்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு, அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் குரல்.

"சாந்தாம்மா, டைம் ஆய்டுச்சு. வர்றியா?"

மாணிக்கம் பெரியப்பா நின்றிருந்தார். குளித்து, தலைவாரி, சர்ச்சுக்குப் போகிற மாதிரி வந்திருந்தார்.

"அம்மாவுக்கு மருந்து விடணும் பெரியப்பா."

"விட்டுட்டு வா. நான் நிக்கிறேன்."

நின்றார். வேறு வழியில்லாமல் கூடப் போனேன்.

தொழிற்சங்கக் கட்டடத்தில்தான் தெருவுக்கே பொதுவாக ஒரு டிவி. தரையில் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். தோல் ஷாப் ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், செருப்புக் கம்பெனிக்குப் போகும் பெண்பிள்ளைகள். முன்னால் இரண்டு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்று அவருக்கு. இன்னொன்றை எனக்குக் காட்டினார்.

"நீயும் வர்ற, அவளும் வர்றா. நம்ம தெருவுல இருந்து ரெண்டு பேரு" என்றார்.

எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கதவு வரைக்கும் ஆட்கள்.

தொடர் தொடங்கியது. பாத்ரூம் கதவைத் தட்டும் வழக்கமான காட்சிக்குச் சிரித்தார்கள். தரகர் வந்தார். "ஆம்பூர்" என்ற பேரைக் கேட்டதும் பெண்கள் சந்தோஷமாக ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். நம்ம ஊர் பேர் டிவியில் வருகிறது.

அப்புறம் நான் என் வசனத்தைச் சொன்னேன்.

முதலில் பின்னாலிருந்து யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. லீனா வாசலில் வந்து நின்றாள். எட்டுப் பேரும் மூக்கைப் பிடித்தோம். அவள் சொன்னாள். சிரித்தாள்.

யாரும் டிவியைப் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது திரும்பாமலே எனக்குத் தெரிந்தது.

பாட்டு வந்தது. முடிந்தது. பேர்கள் ஓடின. பெரியப்பா கடைசிப் பேர் வரைக்கும் பார்த்துவிட்டு எழுந்தார். என் பக்கம் திரும்பி, "அம்மாவ பத்தரமா பாத்துக்கோ" என்றார். கூட்டம் விலகி வழிவிட்டது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த மும்தாஜ், கதவருகில் என்னை நிறுத்தினாள். "ஏன் சாந்தா, இப்ப உனக்கு வாடை அடிக்குதா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மறுநாள் காலை

விடிந்ததும் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டே, "உக்காரும்மா" என்றார்.

நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டைக் கதையை நான்தான் சொன்னேன். லீலா மாற்றச் சொல்லிக் கெஞ்சினாள். நான் ஒரு தடவை கேட்டுவிட்டு இரண்டு தடவை கேட்டதாகப் பொய் சொன்னேன். மூன்றாவது தடவை அவள் என்னைப் பார்த்தாள், நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் தூக்குச்சட்டியை மூடினார்.

"தெரியும்மா. நீ கதை சொன்னது, பொய் சொன்னது தெரியாது. மத்தது தெரியும். லீலா லெட்டர் போட்ருந்தா. இந்த மாதிரி பேச வெச்சிட்டாங்க, பாக்காதப்பான்னு."

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை.

"தெரிஞ்சுமா பெரியப்பா போய் உக்காந்தீங்க? என்னையும் கூட்டிக்கிட்டு?"

"தனியா பாக்க முடியாதுன்னு இருந்துச்சு. அந்த எடத்துல நீயும்தான இருந்த" என்றார். பிறகு, கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எட்டு வருசமாச்சு அவ மூஞ்சியப் பாத்து. இன்னா வேணா சொல்லிட்டுப் போவட்டும். பத்து நிமிசம் கண்ணு முன்னால இருந்தா இல்ல?"

தோல் ஷாப் சங்கு ஊதியது. அவர் போய்விட்டார்.

அன்றைக்கே லீலாவுக்குக் கடிதம் எழுதினேன். அவள் அப்பாவிடம் நான் சொன்னதை அப்படியே எழுதினேன். அவர் சொன்னதையும் எழுதினேன். மன்னிப்புக் கேட்க ஒரு வரி எழுதி, அது எனக்காகக் கேட்கிற மாதிரி இருந்ததால் அடித்துவிட்டேன்.

ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு தபால் கார்டு வந்தது. "அக்கா, நான் வந்தப்ப அப்பா எப்படி உக்காந்திருந்தார்? சிரிச்சாரா? பாட்டு பிடிச்சுதா? எழுது." அவ்வளவுதான். கையெழுத்து லீலா என்று இருந்தது.

உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அவள் திரையில் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டது. பாட்டு வந்தபோது தொடையில் ஒரு விரல் மட்டும் தாளம் போட்டது. சிரிக்கவில்லை, அழவும் இல்லை என்பது. எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

மூத்த மருமகளை நடேசன் சார் பிரசவத்துக்கு அனுப்பவில்லை. அடுத்த வாரம் போனபோது, இனிமேல் எந்த ஊரையும் வைத்து எனக்குச் சிரிப்பு வசனம் வேண்டாம் என்று சொன்னேன். "சரிம்மா" என்றார், சாதாரணமாக. அவ்வளவு சுலபமாக வந்த அந்த "சரிம்மா"வைக் கேட்டபோதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு லீலா ஆம்பூர் வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். சர்ச்சில் என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. அவள் அப்பா பக்கத்தில் நின்றாள். வெளியே வரும்போது, "அந்த லெட்டர வெச்சிருக்கேன்க்கா" என்றாள்.

அவள் கிளம்பிய அன்று நானும் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். மெட்ராஸ் பஸ் ஏறுவதற்காக வேலூர் போகிறாள். பெட்டியைப் பெரியப்பாதான் தூக்கிவந்தார். உள்ளே ஏறி, மேலே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசில் ஊதினார். இறங்குவார் என்று பார்த்தேன்.

இறங்கவில்லை. தனக்கும் வேலூருக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு அப்படியே போனார்.